உருண்டை பிடித்த கைகள்

சென்ற ஜூன் மாதம் மகனின் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'அன்பான அம்மாக்களுக்கு' என்று தொடங்கியது. இடைவேளையில் உண்ணப் பாக்கெட் தின்பண்டங்களைக் கொடுத்தனுப்பக் கூடாது. வீட்டில் செய்த சத்தான பண்டங்களுக்கு மட்டுமே அனுமதி. கீழே எடுத்துக்காட்டாக ஒரு பட்டியல்: பேரீச்சை, முந்திரி, ஓட்ஸ், தேன் சேர்த்துத் துண்டு போட்டது, வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்த வில்லை, சிறுதானிய உருண்டை. படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்திட்டு அனுப்ப ஒரு கோடு. அதன் அடியில் 'தாயின் கையொப்பம்' என்றிருந்தது. தந்தைக்குக் கோடு இல்லை.

சுற்றறிக்கையின் அக்கறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் பளபளப்பான உறைக்குள் அடைபட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போவதை நானும் கவலையோடுதான் பார்க்கிறேன். ஆகவே அன்று இரவு 10 மணிக்கு, திருத்தாத விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்க, வெல்லத்தைத் தட்டி அடுப்பில் வைத்தேன். கடலையைக் கொட்டிக் கிளறித் தட்டில் பரப்பினேன். துண்டு போட்டால் நிற்கவில்லை, இழுபட்டது. ஊரில் இருக்கும் பெரியம்மாவை அழைத்தேன்.

"பாகைத் தண்ணியில விட்டுப் பாத்தியாடி?"

"பாத்தேன் பெரிம்மா. கையில உருண்டுச்சு."

"உருண்டா அது உருண்டைக்கு. வில்ல போடணும்னா, தண்ணியில விட்டு எடுத்துத் தட்டுல போட்டா 'டங்'குனு சத்தம் கேக்கணும். ஆமா, இன்னாத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு இதோட மல்லுக்கட்டற? பெட்டிக் கடையிலயே விக்குதே."

"பள்ளிக்கூடத்துல வீட்டுல செஞ்சதுதான் வேணுமாம்."

பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "வீட்டுலன்னா யாராம்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

*

தமிழ் படித்தவளாதலால் முதலில் அகராதியிடம் போனேன். பழந்தமிழில் தின்பண்டத்துக்கு வழங்கிய சொற்களுள் ஒன்று பண்ணியம். விற்பனைச் சரக்கு என்பதும் அச்சொல்லுக்குப் பொருள். இன்றும் தென்மாவட்டங்களில் குழந்தைக்கு வாங்கித் தருவதைப் பண்டம் என்கிறோம். பண்டம் என்றாலும் சரக்குதான். அதாவது, நம் மொழியில் தின்பண்டம் என்ற எண்ணத்திலேயே சந்தை கலந்திருக்கிறது. மதுரைக்காஞ்சியின் இரவுக் கடைத்தெருவில் மோதகம் விற்பவர்களும் அப்ப வணிகர்களான கூவியரும் வருகிறார்கள். பாகு சேர்த்து அப்பம் செய்த கூவியர் பெரும்பாணாற்றுப்படையிலும் உண்டு. இனிப்புப் பண்டத்தை விலைக்கு வாங்கித் தின்பது நேற்று வந்த கெட்ட பழக்கம் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாகு காய்ச்சுவது ஒரு தொழில்.

வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கான சான்று வேறோர் இடத்தில் கிடைக்கிறது. தானியம் குற்றும் பெண்கள் உலக்கையின் வேகத்துக்கேற்பப் பாடியது வள்ளைப்பாட்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் அதற்கு ஒரு பகுதியே உண்டு. இலக்கிய வகுப்பில் அந்தப் பாட்டின் நயத்தைப் பல ஆண்டுகளாகச் சொல்லித் தந்திருக்கிறேன். உலக்கை பிடித்த தோளின் வலியைப் பற்றி நான் வகுப்பில் பேசியதில்லை. தேர்விலும் அப்படியொரு கேள்வி வந்ததில்லை. பாட்டு ஏன் பிறந்தது என்று யோசித்தால், அந்த வேலை ஒருத்தி செய்து முடிக்கக்கூடியது அல்ல என்பது தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். தாளம் தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும்.

இதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். வட மாவட்டங்களில் சிமிலி என்றொரு பண்டம் உண்டு. கேழ்வரகைத் திருகையில் அரைத்து, சலித்து, பிசைந்து, அடையாகத் தட்டிச் சுட வேண்டும். சூடு ஆறுவதற்குள் அதைப் பிய்த்து உரலில் போட்டு, வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டையையும் வெல்லத்தையும் சேர்த்து இடிக்க வேண்டும். எண்ணெய் கசிந்து எல்லாம் ஒன்றாகக் கூடிவரும்போது உருண்டை பிடிக்க வேண்டும். சுற்றறிக்கை கேட்ட சத்தான சிறுதானிய உருண்டை இதுதான். என் ஆயா அடை சுடுவார். பெரியம்மாவும் அம்மாவும் உலக்கை போடுவார்கள். பக்கத்து வீட்டு அத்தை புடைத்து உமி ஊதுவார். நானும் அக்காவும் கடலைத் தோலைத் தேய்த்து ஊதினோம். அண்ணன் தின்பதற்கு மட்டும் வந்தான். ஆறு பெண்களின் ஒரு பிற்பகல் முழுவதும் அதற்குத்தான் போனது. அதுவும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, அறுவடை முடிந்து கூலி வேலை இல்லாத நாள்களில் மட்டும். 'அந்தக் காலத்தில் தினமும் பாட்டி கையால் சத்தான பலகாரம்' என்று இன்று எழுதுகிறவர்கள் எந்த வீட்டைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்ததில்லை.

*

அந்த மல்லாட்டைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நிலக்கடலை தென் அமெரிக்காவின் பயிர். ஐரோப்பியக் கப்பல்கள் வழியே ஆசியாவுக்கு வந்தது. மணிலாக் கொட்டை என்ற பெயர் எங்கள் பக்கத்து வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டில் அது பெரும் பணப்பயிரானது. கேழ்வரகும் கம்பும் வரகும் போட்ட மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை ஏறியது. மூட்டைகள் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகருக்குப் போயின. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறின.

நம் பாரம்பரியத் தின்பண்டம் என்று நாம் கொண்டாடும் கடலை உருண்டையின் பின்னால் இந்தக் கப்பல் வணிகம் நிற்கிறது. அதன் பின்னால் கொல்லையில் குந்திய பெண்கள் இருக்கிறார்கள். செடியைப் பிடுங்கிய பிறகு காய்களை ஒவ்வொன்றாக ஆய்வது பெண்களின் வேலை. நாளெல்லாம் குந்தியபடி ஆய்ந்து குவித்ததை அளந்து, அதில் ஒரு பங்கைக் கூலியாகத் தருவார்கள். விதைக்கான கடலையை இயந்திரத்தில் உடைத்தால் பருப்பில் அடிபட்டு முளைப்புக் கெடும் என்பதால் கையால் உடைப்பார்கள். அதற்கும் படிக்கு இவ்வளவு என்று கூலி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலுரிந்து போகும். எங்கள் ஆயா கடலை உடைக்கும் பருவத்தில் சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைய மாட்டார். விரலில் காரம் ஏறும் என்று கரண்டியால் சாப்பிடுவார். நாங்கள் பிள்ளைகள் அறுவடை முடிந்த கொல்லையைக் கிளறி விட்டுப்போன காய்களைப் பொறுக்குவோம். கூலியாக வந்த மல்லாட்டையில் பெரும்பகுதி கமிட்டிக்கு விற்பனைக்குப் போய்விடும். மிச்சமும் நாங்கள் பொறுக்கியதும்தான் சிமிலிக்கு.

தெற்கே கரிசல் காட்டுக் கடலை இன்னொரு வழியில் போனது. கோவில்பட்டியில் அது வெல்லப் பாகோடு சேர்ந்து மிட்டாயாகி ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டது. 2020இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வட்டாரத்தின் இன்னொரு அடையாளம் தீப்பெட்டி. 1980களில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள், அவர்களில் மிகுதியும் சிறுமிகள், தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் விடியலில் வண்டியேறிப் போனார்கள் என்பது பலராலும் எழுதப்பட்டது. நாட்டின் ஒவ்வொரு பெட்டிக் கடைக்கும் குழந்தைகளுக்கான மிட்டாயை அனுப்பிய வட்டாரத்தில், குழந்தைகளின் இடைவேளை மணி தொழிற்கூடத்தில் அடித்தது.

*

சத்து என்ற சொல் இந்தக் கதைக்குள் எப்போது வந்தது? உணவின் சத்தை எண்ணாக்கும் வேலை நம் பக்கத்தில் குன்னூரில் நடந்தது. ராபர்ட் மெக்காரிசன் அங்கிருந்த ஆய்வகத்தில் 1920களில் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமையும் பாலும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சோற்றை நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்றவை பின்தங்கின. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையாக வெளியிட்டார். கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்தும் கடலையின் புரதமும் அச்சில் ஏறின. 1958இல் அந்த நிறுவனம் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது.

இந்த அறிவு எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அட்டவணையில் கேழ்வரகுக்கு எண் உண்டு, அதை அரைக்கும் நேரத்துக்கு எண் இல்லை. அட்டவணை பாடப்புத்தகத்துக்கும் வார இதழ்களின் மகளிர் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தபோது, குழந்தையின் எடை அம்மாவின் அறிவுக்கும் பொறுப்புக்கும் வைக்கும் தேர்வாகிவிட்டது.

இதே காலத்தில் பெண்கள் தங்கள் அறிவைத் தாங்களே எழுதவும் தொடங்கினார்கள். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்தது. இளம் வயதில் கணவரை இழந்த ஒரு பெண், கையும் கண்ணும் மட்டும் அறிந்த அளவுகளை வரிசைப்படுத்தி எழுதி, நூலாக்கி விற்றார். தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்நூலைக் கணக்கில் கொள்வதில்லை. பாகுப் பதத்தைச் சொல்லால் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று அவர்கள் முயன்று பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்நூல் பதிவுசெய்தது ஒரு பிராமணச் சமையலறையை. சிமிலியை உரலில் இடித்தவர்களுக்கு எழுதவும் அச்சிடவும் வழி இருக்கவில்லை. எங்கள் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

*

குழந்தையின் வயிறு வீட்டின் பொறுப்பு மட்டும்தானா என்ற கேள்வியைத் தமிழகம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டது. 1920இல் பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. தரப்பட்டது சிற்றுண்டி. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம்.

இவ்வளவு பேசப்படாத இன்னொரு திட்டமும் உண்டு. 1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்குத் தொண்ணூறு நாள் கூடுதல் உணவு. அந்த உணவு ஓர் உருண்டை. தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்துப் பிடித்தது. பல ஊர்களில் அதை மகளிர் குழுக்களே தயாரித்தன. ஆயா பிடித்த உருண்டையை அரசு திட்டமாக்கி, பிடித்த கைக்குச் சிறிதளவேனும் காசு கொடுத்தது. எடை ஏறாத பிள்ளை அம்மாவின் குற்றம் மட்டும் அல்ல, அதற்கு ஊரும் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது.

எங்கள் பெரியம்மா 1982இல் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தார். இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், பெரியப்பா இறந்து ஓராண்டு. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை இருந்தது. மல்லாட்டை ஆய்ந்து பங்கு வாங்கிய பெண், முதன்முறையாக மாதாமாதம் கையெழுத்திட்டுப் பணம் வாங்கினார். அதை அவர் இன்றும் பெருமையாகச் சொல்வார். ஆனால் அரசு அந்த வேலையைக் கடைசிவரை முழு வேலையாக ஏற்கவில்லை. சோறாக்குவது பெண்ணுக்கு இயல்பாக வருவதுதானே, அதற்கு எதற்கு மற்ற ஊழியரைப் போல் ஊதியம் என்ற நினைப்பு அந்தத் தொகுப்பூதியத்துக்குள் இருந்தது. காலமுறை ஊதியம் கேட்டுச் சத்துணவு ஊழியர்கள் இன்றும் தெருவில் உட்காருகிறார்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் ஊர்ப்புறங்களில் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் விடியலில் எழுந்து அடுப்பு மூட்டுகிறார்கள்.

அந்த அடுப்பில் இன்னொரு தீயும் எரிந்தது. 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் சமைக்க வந்த பெண் தலித் என்பதற்காகச் சாதி இந்துப் பெற்றோர் எதிர்த்தார்கள். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்றார்கள். 'வீட்டில் செய்தது' என்ற சொல்லை நான் அஞ்சத் தொடங்கியது அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்துதான். சுத்தமானது, நம்பத்தகுந்தது, நம்முடையது என்று அந்தச் சொல் ஒலிக்கும் இடங்களில், யாருடைய கை படாதது என்ற பொருளும் சேர்ந்து ஒலிக்க வாய்ப்பிருக்கிறது. எங்கள் பெரியம்மா ஆக்கிய சோற்றைத் தின்ன அனுப்பாத வீடுகளும் எங்கள் ஊரில் இருந்தன. அவர் அதை என்னிடம் சொன்னதே ஓய்வு பெற்ற பிறகுதான்.

*

இப்போது சுற்றறிக்கையின் பட்டியலை மறுபடி படிக்கிறேன். முந்திரி என்றிருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பண்ருட்டி அதிக தூரமில்லை. முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும். உடைக்கும் பெண்கள் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவார்கள்; அப்படியும் விரல் கருத்து வெடிக்கும். என் வகுப்பில் ஒரு மாணவி தேர்வு எழுத வந்தபோது விரல் நுனிகளைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். விடுமுறையில் அம்மாவோடு முந்திரி உடைத்ததாகச் சொன்னாள். அந்த முந்திரியைக் கடையில் வாங்கி, அதில் என் ஒரு மணி நேரத்தைச் சேர்த்து, நான் வீட்டில் செய்தது என்று டப்பாவில் வைத்து அனுப்ப வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு என் பெயர் உண்டு. மற்ற நேரங்களுக்குப் பெயரே இல்லை.

எனக்கு அந்த ஒரு மணி நேரமாவது இருக்கிறது. என் மகனின் வகுப்பில் ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்து இரவு 10 மணிக்கு வீடு திரும்பும் ஒரு தாயின் பிள்ளையும் படிக்கிறான். சுற்றறிக்கை வந்த வாரத்தில் அவன் இரண்டு நாள் இடைவேளையில் டப்பாவைத் திறக்கவில்லை என்று மகன் சொன்னான். உள்ளே பிஸ்கட் இருந்ததாம். ஆசிரியர் பார்த்தால் அம்மாவை வரச் சொல்வார்கள் என்று பயந்தானாம். குழந்தையின் நலத்துக்காகப் போட்ட விதி ஒரு குழந்தையைப் பசியோடு உட்கார வைத்துவிட்டது.

கையொப்பக் கோட்டில் நானும் என் கணவரும் இருவருமே கையெழுத்திட்டோம். அதோடு ஒரு கடிதமும் வைத்தேன். இனிமேல் 'பெற்றோருக்கு' என்று எழுதுங்கள். எந்தப் பிள்ளையின் டப்பாவையும் வகுப்பில் திறந்து சோதிக்காதீர்கள். கட்டணத்தில் சிறிது ஒதுக்கி வாரத்தில் மூன்று நாள் பள்ளியிலேயே எல்லாருக்கும் சுண்டலும் கடலை உருண்டையும் கொடுக்கலாம். செய்பவர்களுக்கு முறையான சம்பளம் தர வேண்டும். 1920இல் ஒரு மாநகராட்சிப் பள்ளியால் முடிந்தது இது என்றும் எழுதினேன். இதுவரை பதில் இல்லை. அடுத்த சுற்றறிக்கை 'பெற்றோருக்கு' என்று தொடங்கியது. பட்டியல் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நாங்கள் மூவரும் கடலை உருண்டை பிடிக்கிறோம். கணவர் வறுத்துத் தோல் நீக்குகிறார், மகன் ஊதுகிறான். கால் கிலோ கடலைக்கு அதே அளவு தூளாக்கிய வெல்லம், நாலைந்து தேக்கரண்டித் தண்ணீர். கரைந்ததும் மண் போக வடிகட்டிவிட்டு மறுபடி அடுப்பேற்ற வேண்டும். பாகு தண்ணீரில் உருளும் பதத்தில் இறக்கி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சூட்டோடு பிடிக்க வேண்டும். ஆறினால் உதிரும். முதல் முறை மகன் கையைச் சுட்டுக்கொண்டு கத்தினான். பெரியம்மா அப்போது வீட்டுக்கு வந்திருந்தார். அவன் கையைத் தண்ணீரில் பிடித்து, தன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். முப்பது ஆண்டுகள் கொதிகலம் இறக்கிய கை. ரேகைகளுக்கு மேலே பளபளப்பாக ஒரு தழும்பு.

"இது எப்ப ஆச்சு ஆயா?" என்று கேட்டான்.

பெரியம்மா யோசித்தார். "எந்த வருசம்னு கேக்கறியா, எத்தினி தடவைன்னு கேக்கறியா?" என்றார்.